நவச்சாரப் புகை

மாலை 5.40

உலையில் சார்ஜ் ஏற்றியாகிவிட்டது. மோர் பாக்கெட் நிரப்பும் இயந்திரத்துக்குப் போகவேண்டிய பதினான்கு தண்டுகள். ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் தடிமன், ஒரு சாண் நீளம். கூடவே ஐந்து ரூபாய் நாணயம் அளவில் மூன்று சோதனை வில்லைகள். எல்லாம் 316எல் ரக எவர்சில்வர். அல்ட்ராசானிக் தொட்டியில் கழுவி, ஆல்கஹாலில் துடைத்து, உறை போட்ட கையால்தான் தூக்கி வைத்தோம். வெறுங்கையால் தொட்டிருந்தால் அந்த விரல்ரேகை உலைக்குள் போய்விட்டு அப்படியே வெளியே வரும். யார் தொட்டது என்று போலீஸ் இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம் என்பார் ஆபரேட்டர் அண்ணன்.

இரண்டு தண்டுக்கு நடுவே மூன்று விரல் இடைவெளி விட்டிருக்கிறோம். நெருக்கி வைத்தால் உலைக்குள் இரண்டையும் சுற்றி எழும் பிளாஸ்மா ஒளி ஒன்றோடு ஒன்று கலந்து, அந்த இடம் மட்டும் தனியாகக் காய்ந்து பழுத்துவிடும்.

இந்தத் தண்டுகள் ஓடுவது அதே எஃகில் செய்த குழல்களுக்குள். எவர்சில்வருக்கு ஒரு விசித்திர குணம். பெயிண்ட் அடித்தால் பிடிக்காது, முலாம் பூசினால் உரிந்துவிடும். ஆனால் தன் இனத்தோடு அழுத்தி உரசினால் ஒட்டிக்கொள்ளும். பட்டறையில் இதை “சீஸ் ஆயிருச்சு” என்போம். எவர்சில்வர் நட்டும் போல்ட்டும் பாதி முறுக்கலில் இறுகிப்போய், கடைசியில் வெட்டி எடுத்த கதை எல்லா ஃபிட்டரிடமும் ஒன்று இருக்கும். அதைத் தடுக்கத்தான் தண்டின் மேல் 3 மைக்ரான் கனத்துக்குக் குரோமியம் நைட்ரைடு கோட்டிங். அந்தக் கோட்டிங் உரியாமல் இருக்கத்தான் அதற்கு முன்னால் இந்தப் பிளாஸ்மா நைட்ரைடிங் உலை, இந்த இரவு, நாளைய பகல்.

மூன்றாவது முறையாக முயல்கிறோம். முதல் இரண்டும் தோற்றவை. அவற்றைப் பற்றி இரவில் எழுதலாம். இருபது மணி நேரம் இருக்கிறது.

இரவு 7.10

வேக்குவம் பம்ப் முதலில் தடதடத்தது. காற்று குறையக் குறையச் சத்தமும் சன்னமாகிக்கொண்டு வருகிறது.

துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வைத்துவிட்டோம். உண்மையில் காற்றுப் பட்ட மறுகணமே அதுவும் துருப்பிடிக்கிறது. அதில் இருக்கும் குரோமியம் ஆக்சிஜனைப் பிடித்து ஒரு படலமாகிறது. 2 நானோமீட்டர் சுமாருக்கு இருக்கும். ஒரு தலைமுடியின் குறுக்களவை முப்பதாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. சாதாரண இரும்பின் துரு பொரிப்பொரியாக உதிர்ந்து அடுத்த அடுக்குக்கு வழிவிடும். இது உதிராது, வழியும் விடாது. கீறினால் மறுபடி மூடிக்கொள்ளும். நாம் எவர்சில்வர் என்று தேய்த்துக் கவிழ்ப்பது அந்தப் படலத்தைத்தான். அதற்கு அடியில் இருக்கும் உலோகத்தைக் கையால் தொட்டவர் யாரும் இல்லை.

1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் அரித்துப்போகாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தார். அவர் வார்த்த ஓர் எஃகில் குரோமியம் 12.8 சதவீதம். அது துப்பாக்கியைவிட மேசைக் கத்திக்குப் பொருந்திப்போனது. கத்தி செய்பவர்கள் வினிகரில் போட்டுப் பார்த்து அசந்துபோனார்கள். நம் வீட்டில் புளிக்கும் எலுமிச்சைக்கும் அசையாமல் நிற்கும் டம்ளர் அந்த வம்சத்தின் தூரத்துப் பேரப்பிள்ளை.

அந்த டம்ளரில் எதுவும் ஒட்டாது என்பதால்தான் பாத்திரக் கடையில் பெயரை எழுதாமல் வெட்டிக் கொடுக்கிறார்கள். சிறு கருவி ஒன்று டர்ரென்று அதிர, புள்ளி புள்ளியாக ஒரு பெயர், ஒரு தேதி. (கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு மட்டும் ஏன் தேங்காயெண்ணெய் தடவினாலும் போவதில்லை என்று என் மனைவி கேட்கிறாள். அது பசையின் திறமை. நகத்தால் நெம்பினால் எப்படியும் ஒரு நாள் வந்துவிடும். பெயர் வராது.)

இரவு 8.50

ஆர்கானும் ஹைட்ரஜனும் விட்டு மின்னழுத்தம் ஏற்றியாகிவிட்டது. பார்வைக் கண்ணாடி வழியே தண்டுகள் நீலம் கலந்த ரோஜா நிறத்தில் உடுத்திக்கொண்டு நிற்கின்றன. அங்கங்கே சின்னச் சின்னப் பொறிகள் ஓடி அணைகின்றன. மிச்சம் மீதி அழுக்கு எரியும் அடையாளம். பொறி முழுக்க அடங்கும்வரை அழுத்தத்தைக் கூட்டக் கூடாது.

இந்தக் கட்டத்துக்கு ஒரு வேலைதான்: அந்த 2 நானோமீட்டர் படலத்தை அகற்றுவது. ஆர்கான் அயனிகள் கல்லெறிவதுபோல் மேற்பரப்பில் வந்து மோதி ஆக்சைடை அணு அணுவாகப் பெயர்க்கின்றன. ஹைட்ரஜன் மிச்சத்தை இழுத்துக்கொள்கிறது. காற்றில் இதைச் செய்ய முடியாது. பெயர்த்த கணமே மூடிக்கொள்ளும். அதற்காகத்தான் வேக்குவம்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மிச்சி ஊருக்கு வந்த ஈயம் பூசுபவர் நினைவுக்கு வருவார். வேப்பமரத்து நிழலில் குழி தோண்டி, துருத்தி பதித்து, கரி மூட்டுவார். ஊர்ப் பித்தளைப் போசியும் குண்டாவும் அவர் முன்னால் வரிசை கட்டும். புளியும் மோரும் பித்தளையில் களிம்பேற்றிவிடும் என்பதால் உள்பக்கம் ஈயம் கட்டாயம். ஈயம் என்று சொன்னாலும் அது காரீயம் இல்லை, வெள்ளீயம். 232 பாகை செல்சியஸில் உருகிவிடும்.

கிடுக்கியால் போசியை நெருப்பின் மேல் புரட்டிப் புரட்டிக் காய வைப்பார். ஒரு சிட்டிகை நவச்சாரத்தை உள்ளே தூவுவார். வெள்ளைப் புகை குப்பென்று எழுந்து மூக்கைக் குத்தும். நாங்கள் ஓடிப்போய்த் திரும்பி வருவதற்குள் ஈயக் கம்பியைத் தொட்டு, பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றியிருப்பார். கறுத்துக் கிடந்த போசிக்குள் நிலா வந்திருக்கும்.

பஞ்சின் சுழற்றில்தான் மாயம் என்று அன்றைக்கு நினைத்திருந்தேன். மாயம் புகையில் இருந்திருக்கிறது. நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரியும். ஹைட்ரஜன் குளோரைடு பித்தளை மேலுள்ள ஆக்சைடைத் தின்றுவிடும். அந்த ஒரு நொடி வெற்றுடம்பாக நிற்கும் உலோகத்தை ஈயம் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்மா வராத காலத்தில் எவர்சில்வரை அம்மோனியா வாயுவில் நைட்ரைடு செய்தவர்களும் அதன் படலத்தை உடைக்க இதே நவச்சாரத்தை உலையில் வைத்திருக்கிறார்கள். வேப்பமரத்தடிக்கும் இந்த உலைக்கும் நடுவே நான் நினைத்த அளவு தூரம் இல்லை.

பிறகு அம்மிச்சி பழைய பித்தளையை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கினாள். ஈயம் பூசுபவர் வருவது நின்றது. எதுவும் பூசத் தேவையில்லாத உலோகம் வந்து அவர் தொழிலை முடித்துவைத்தது. அதே உலோகத்தின் மேல் பூசுவதற்கு நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

இரவு 10.30

420 பாகை. ஆர்கானை நிறுத்தி நைட்ரஜனைத் திறந்தோம். ஒரு பங்கு நைட்ரஜன், மூன்று பங்கு ஹைட்ரஜன். உள்ளே அழுத்தம் வெளிக் காற்றின் முந்நூறில் ஒரு பங்குதான். ஒளி ஊதாவுக்கு மாறுகிறது, கத்தரிப்பூ நிறம்.

நாம் இழுக்கும் மூச்சில் 78 சதவீதம் நைட்ரஜன். போனது போலவே திரும்பி வருகிறது. இரண்டு அணுக்கள் மூன்று கைகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, மற்ற எதையும் சட்டை செய்யாமல் இருப்பவை. 420 பாகைச் சூட்டில் எஃகைச் சும்மா நைட்ரஜனுக்குள் வைத்திருந்தால் வருஷம் போனாலும் ஒன்றும் நடக்காது. வானத்தில் மின்னல் வெட்டும்போது அந்தப் பிடி உடைகிறது. உடைந்தது மழையோடு இறங்கி மண்ணுக்கு உரமாகிறது. உலைக்குள் நாம் வைத்திருப்பதும் அடக்கி வைத்த மின்னல்தான், இடி இல்லாமல், இருபது மணி நேரத்துக்கு.

உடைந்த நைட்ரஜன் அணு எஃகுக்குள் நுழைகிறது. இரும்பு, குரோமியம், நிக்கல் அணுக்கள் பந்தியில் உட்கார்ந்த பெரியவர்கள்போல் வரிசையாக அமர்ந்திருக்க, நைட்ரஜன் சின்னப் பிள்ளையாட்டம் இடுக்கில் புகுந்து போகிறது. யாரையும் எழுப்புவதில்லை. ஆனால் பிள்ளைகள் கூடக்கூடப் பெரியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. மேற்பரப்புக்கு அருகே ஐந்து அணுவில் ஒன்று நைட்ரஜன் என்ற அளவுக்குக்கூட நெரிசல் ஏறும். அணிக்கோப்பு உப்பி, அந்த இறுக்கமே கடினமாகிறது. விக்கர்ஸ் அளவில் 200ஐத் தொட்டும் தொடாமலும் இருந்த எஃகின் தோல் 1000ஐத் தாண்டுகிறது.

நாளை மாலை 6.30க்கு இந்தத் தோல் 15 மைக்ரான் சுமாருக்கு இறங்கியிருக்கும். இருபது மணி நேர உழைப்புக்கு ஒரு தலைமுடியில் நான்கில் ஒரு பங்கு.

நள்ளிரவு 1.15

முதல் தோல்வி.

அப்போது நைட்ரைடிங் எதுவும் இல்லை. வெறும் எவர்சில்வர் மேல் நேராகக் கோட்டிங் போட்டுக் கொடுத்தோம். வெள்ளி போன்ற சாம்பல் நிறத்தில், பார்க்க அப்படி ஓர் அழகு. பத்தே நாளில் தண்டுகள் திரும்பி வந்தன. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. “நல்லா ஒட்டலீங் சார், கழுவாமப் போட்டுட்டாங்களோ?” என்றான் உதவிக்கு இருந்த தம்பி.

கழுவித்தான் போட்டோம். உரிந்த ஓரங்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. செதில் பெயர்ந்த இடமெல்லாம் சிறு பள்ளம். கோட்டிங் முதலில் உரியவில்லை. அடியில் இருந்த எஃகு முதலில் அமுங்கியிருக்கிறது.

கோடையில் தண்ணீர் வற்றிய குளத்தில் இறங்கியவர்களுக்கு இது புரியும். மேலே வெயிலில் காய்ந்து பாளம் கட்டிய ஏடு. பார்த்தால் கல்லு மாதிரி இருக்கும். காலை வைத்தால் ஏடு முறிந்து முழங்கால்வரை சேற்றில் இறங்கும். ஏட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. குரோமியம் நைட்ரைடின் கடினம் 2000ஐ ஒட்டி. அடியில் இருந்தது 200. அழுத்தம் வந்ததும் அடித்தளம் குழைந்தது, வளையத் தெரியாத மேல்தோல் முறிந்தது. சூட்டிலும் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. இந்த வகை எஃகு சூட்டில் நீள்வது அதிகம், நைட்ரைடுப் பூச்சு நீள்வது குறைவு. கோட்டிங் உலையிலிருந்து ஆறும்போதே எல்லைக்கோட்டில் இழுபறி ஆரம்பித்துவிடும்.

கொத்தனாருக்கு இதில் பாதி தெரியும். பழைய தளத்தின் மேல் புதுப் பூச்சு பூசும்முன் கொத்திவிடுவார். சொரசொரப்பு பிடிமானம் தரும். மணல் அடித்து நாங்களும் அதைச் செய்து பார்த்திருக்கிறோம். ஆனால் கொத்துவது மேற்பரப்பை மட்டும் மாற்றும். மேலே 2000, கீழே 200 என்ற செங்குத்துச் சுவர் அப்படியே இருக்கும். நைட்ரஜன் அந்தச் சுவரைப் படியாக்குகிறது: மேலே 2000, நடுவே 1000க்கு மேல், அங்கிருந்து கீழே போகப் போகக் குறைந்து 200. பூச்சுக்கும் எஃகுக்கும் நடுவில் ஒருவர் நின்று இரண்டு பக்கமும் பேசுகிற மாதிரி.

சோறு அடிப்பிடித்த பாத்திரத்தைப் பத்துப் பாத்திரம் என்கிறோம். பற்று என்பதுதான் பத்தாகியிருக்கிறது. வீட்டில் தேய்த்துப் போக்கப் பாடுபடுவதும் பற்று, இங்கே வரவழைக்கப் பாடுபடுவதும் பற்று.

அதிகாலை 3.20

இரண்டாவது தோல்வி என்னுடையது. யாரையும் சொல்ல முடியாது.

வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார். இருபது மணி நேரம் உலையை ஒரே சார்ஜுக்குக் கட்டிப்போட முதலாளிக்கும் மனமில்லை. சூட்டைக் கூட்டினால் நைட்ரஜன் வேகமாக இறங்கும் என்பது பாலபாடம். 520 பாகையில் ஆறு மணி நேரத்தில் முடித்தேன். கடினம் பார்த்தோம், கேட்டதற்கு மேலேயே வந்தது. கோட்டிங் போட்டோம், அப்படிப் பிடித்தது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டு இரண்டு வாரம் நடந்தேன்.

மூன்றாவது வாரம் போன் வந்தது. “ஏனுங், எவர்சில்வர்னுதானுங்க குடுத்தோம்?” போய்ப் பார்த்தேன். கோட்டிங் ஓர் இடத்திலும் உரியவில்லை. ஆனால் தண்டு முழுக்க மஞ்சள் புள்ளிகள், அம்மைத் தழும்புபோல். துணியால் துடைத்தால் துணியில் காவி. எவர்சில்வர் துருப்பிடித்திருந்தது.

நடந்தது இதுதான். 420இல் நைட்ரஜன் மட்டும் ஓடும், குரோமியம் இடத்தைவிட்டு நகராது. 450ஐத் தாண்டினால் குரோமியத்துக்கும் கால் முளைக்கிறது. பந்தியிலிருந்து பெரியவர்களும் எழுந்துவிடுகிறார்கள். குரோமியத்துக்கும் நைட்ரஜனுக்கும் ஈர்ப்பு அதிகம். இரண்டும் சேர்ந்து நுண்மணிகளாகக் கட்டிக்கொள்கின்றன. அப்படிச் சிறைப்பட்ட குரோமியம் ஆக்சைடுப் படலம் கட்ட வராது. எஃகு கடினமாக இருக்கும், வலுவாக இருக்கும், எவர்சில்வராக மட்டும் இருக்காது. மேலே உள்ள கோட்டிங்கில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் எப்போதும் உண்டு. உப்பும் புளிப்பும் அவற்றின் வழியே இறங்கி, காவல் இல்லாத வீட்டைக் கண்டுகொண்டன.

அந்த நுண்மணியின் பெயரும் குரோமியம் நைட்ரைடுதான் என்பது பிறகுதான் உறைத்தது. மேலே காசு வாங்கிக்கொண்டு பூசுகிறோமே, அதே பொருள். மேலே இருந்தால் கவசம், உள்ளே விளைந்தால் களவு.

அன்றைக்கு நான் கேட்ட கேள்வியே தப்பு. இதை எப்படி ஒட்டவைப்பது என்று மட்டும் கேட்டேன். ஒட்டாமல் இருப்பது அதன் உயிர்க்குணம். அதைக் கொன்றுவிட்டு ஒட்டவைத்தால், ஒட்டியது வேறு எதன்மேலோ ஆகிவிடுகிறது.

காலை 5.15

டீ வந்தது. உலை 420லேயே நிற்கிறது. 418, 421, 420. தெர்மோகப்பிள் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கும் ஜபமாலை உருட்டுவதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

இப்போது நாம் புழங்கும் எவர்சில்வர் வகை, குரோமியத்தோடு நிக்கலும் சேர்ந்தது, 1912இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து க்ரூப் ஆலையில் பென்னோ ஸ்டிராஸ், எட்வர்ட் மௌரர் இருவர் கையில் உருவானது. எஃகை நைட்ரைடு செய்யும் வித்தையை 1920களில் வளர்த்தெடுத்த அடோல்ஃப் ஃப்ரையும் அதே க்ரூப்காரர். ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள். ஆனாலும் இரண்டும் முகம்கொடுத்துப் பேச அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1930களில் பெர்ன்ஹார்ட் பெர்க்ஹவுஸ் ஒளிர் மின்னிறக்கத்தில் நைட்ரைடு செய்யும் வழியைக் காட்டினார். எவர்சில்வரும் கடினமானது, கூடவே துருவும் பிடித்தது. சாதாரண எஃகுக்குச் சரியான 500 பாகைச் சூட்டையே இதற்கும் வைத்தார்கள். நான் ஒரு வாரத்தில் செய்த தப்பை உலகம் பல பத்தாண்டுகள் செய்திருக்கிறது என்பதில் ஓர் அற்ப ஆறுதல்.

1985இல் ஜாங், பெல் என்ற இருவர் சூட்டைக் குறைத்தால் என்ன ஆகிறது என்று எழுதினார்கள். டாம் பெல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்காரர். கடினமும் வந்தது, துருவும் பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் ஜப்பானில் இச்சியும் தோழர்களும் அந்த உப்பிய அடுக்குக்கு எஸ் நிலை என்று பேர் வைத்தார்கள். புதுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. அதே உலை, அதே வாயு, சூடு குறைவு, நேரம் அதிகம். நம் நாட்டில் காந்திநகரின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்தைப் பட்டறைகள் பக்கம் கொண்டுவந்தது.

நைட்ரஜனை எவர்சில்வருக்குப் பகை என்று யாரும் எண்ண வேண்டாம். கல்பாக்கத்து முன்மாதிரி வேக ஈனுலையில் சோடியத்தைத் தாங்கும் முதன்மைக் கலன் 316எல்என் ரகம். கடைசி எழுத்து நைட்ரஜனுக்கானது. உருக்கும்போதே நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவாகச் சேர்த்துவிடுவார்கள். கார்பனைக் குறைத்ததால் போன வலுவை அது ஈடுகட்டும். அங்கே உடம்பு முழுக்கக் கொஞ்சம். இங்கே தோலில் மட்டும் நிறைய.

மாலை 6.30

இருபது மணி நேரம் முடிந்தது. மின்சாரத்தை நிறுத்தியதும் ஊதா ஒளி ஒரே கணத்தில் அணைந்தது. உள்ளே இருட்டு. தண்டுகள் 420 பாகையில் இருக்கின்றன, ஆனாலும் கண்ணுக்குச் சிவக்கவில்லை. அந்த அளவுக்குக்கூடச் சூடு இல்லாத சூடு இது.

இனி வேக்குவத்திலேயே ஆற வேண்டும். இந்தச் சூட்டில் கதவைத் திறந்தால் காற்றுப் பட்டு நீலமும் பழுப்புமாக நிறம் ஏறிவிடும். உதவிக்கு இருந்த தம்பி இரண்டு தடவை வந்து கேஜைப் பார்த்துவிட்டுப் போனான். “ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையாக்கும்” என்றார் அண்ணன். பழமொழி இதற்காகவே பிறந்தது போலிருந்தது. நாளைக் காலைதான் திறப்போம். வீட்டுக்குப் போகிறேன்.

மறுநாள் காலை 8.00

திறந்தோம். பளபளப்பு மங்கி, பனிமூட்டம் படிந்த கண்ணாடிபோல் ஒரு சாம்பல். விரல்ரேகை எதுவும் இல்லை. யாரும் மாட்டவில்லை.

ஒரு வில்லையை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். உலைக்குப் போகும்போது கண்ணாடியாக மெருகேற்றிய முகம் அது. எஃகின் மணிகளைப் பார்க்க வேண்டுமென்றால் வழக்கமாக அமிலம் ஊற்றி அரிக்க வேண்டும். இப்போது அமிலம் இல்லாமலே மணிகள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் தன் போக்கில் உப்பியிருக்கிறது. சில மேடு, சில தாழ்வு, நடுவில் வரப்புகள். சில மணிகளுக்குள் ஏர் ஓட்டியதுபோல் இணைகோடுகள். உப்பலைத் தாங்காமல் படிகம் படிப்படியாக வழுக்கிய தடம். வாளையாறு மலையேறி நின்று பாலக்காட்டு வயல்களைப் பார்ப்பது மாதிரி இருந்தது. கால் மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு ஊர்.

இரண்டாவது வில்லையைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, அமிலத்தில் நனைத்தேன். அடியில் எஃகு அரிக்கப்பட்டு மணி மணியாகக் கோடு காட்டியது. மேலே 15 மைக்ரானுக்கு ஒரு வெள்ளைப் பட்டை, அமிலம் தொடாதது. சென்ற முறை, 520இல், இதே இடம் கரிக்கோடாக இருந்தது. அப்போது அதைக் கனமான அடுக்கு என்று சந்தோஷப்பட்டேன். அமிலம் என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

மாலை 4.45

தண்டுகளை லேசாக மெருகேற்றி, மறுபடி கழுவி, கோட்டிங் உலைக்கு ஏற்றினோம். காற்றில் இருந்த நேரத்தில் ஆக்சைடு மறுபடி வந்திருக்கும். நல்ல செய்திதான், குரோமியம் வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். ஆனாலும் பூசும்முன் ஆர்கானால் மறுபடி ஒரு கல்லெறி. பிறகு வெறும் குரோமியம் மெல்லிசாக ஓர் அடுக்கு, அதற்கு மேல் குரோமியம் நைட்ரைடு. இந்த உலையிலும் சூடு 300 பாகையைத் தாண்டக் கூடாது என்று சீட்டில் சிவப்பு மையால் எழுதி ஒட்டினேன். இங்கே அசட்டையாக இருந்தால் இருபது மணி நேரத்தில் சேர்த்ததை இரண்டு மணி நேரத்தில் கலைத்துவிடலாம்.

அடுத்த வாரம்

பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கீறல் சோதனை. வைர முனை, அதன் நுனி 0.2 மில்லிமீட்டர் ஆரம் கொண்ட உருண்டை. பூச்சின் மேல் அதை வைத்து, பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே ஒரு கோடு இழுப்பார்கள். கோட்டில் எந்த இடத்தில் பூச்சு பெயர்கிறதோ அதுதான் அதன் தாங்குதிறன்.

இரண்டு வில்லைகளைக் கொடுத்தேன்: நைட்ரைடு செய்யாதது ஒன்று, செய்தது ஒன்று. முதலாவதில் கோடு பாதிவழி போவதற்குள்ளேயே ஓரங்களில் செதில் பறந்து, அடியில் எஃகு பல்லைக் காட்டியது. இரண்டாவதில் கோட்டின் கடைசிவரை பூச்சு கூடவே போயிருந்தது. நடுவில் மயிர்க்கீறல்கள், பிறை பிறையாக. பெயரவில்லை. பூச்சு இரண்டிலும் ஒரே கனம், ஒரே உலை, ஒரே நாள். கீழே நின்றதுதான் வேறு.

முதலாளிக்குப் படத்தை அனுப்பினேன். “சூப்பர்” என்று கட்டைவிரல் வந்தது. சென்ற முறையும் அதே கட்டைவிரல்தான் வந்தது என்பதை மறக்காமல் குறித்துக்கொள்கிறேன்.

மூன்று வாரம் கழித்து

பூச்சுப் போட்ட இன்னொரு வில்லையை உப்புப் போட்ட மோரில் நனைத்து, ஜன்னல் ஓரம் ஒரு பழைய எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்திருந்தேன். நாலைந்து நாளுக்கொரு தடவை மோரை மாற்றினேன். வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பழகிவிட்டார்கள்.

இன்றைக்கு எடுத்துக் கழுவினேன். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

துணியில் எதுவும் ஒட்டவில்லை.